இருவர் மட்டும், இரண்டு நாள்



இன்று நாம் சிந்திக்கப்போவது ஒரு பயணத்தைப் பற்றி. வேளாங்கண்ணிக்குப் போகும் நடைப்பயணமும் அல்ல, ஊர்த் திருவிழாவுக்குப் போகும் குடும்பப் பயணமும் அல்ல. கணவனும் மனைவியும் மட்டும், பிள்ளைகள் இல்லாமல், உறவினர் இல்லாமல், அமைதியான ஒரு கடலோரத் தீவுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வருகிற பயணம். "சாமி இதைப் போய்ப் பிரசங்கத்தில் பேசுகிறாரே" என்று சிலர் புன்னகைப்பது நமக்குத் தெரிகிறது. புன்னகைத்துக்கொண்டே கேளுங்கள். திருமணம் ஓர் அருளடையாளம் என்று நம்புகிற நாம், அந்த அருளடையாளத்தை நாள்தோறும் வாழ்கிற இருவருக்கும் நேரம் கிடைக்கிறதா என்று கேட்காமல் இருக்க முடியாது.

நம் ஊர்களில் தேனிலவு என்றால் அது திருமணம் முடிந்த கையோடு ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கே வேலை இல்லை. நாற்பத்தைந்து வயது மனிதர் தம் மனைவியோடு தனியாக வெளியூர் போகிறேன் என்றால், "இந்த வயசுலயா?" என்று கேலி செய்ய நாலு பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளே சிரிக்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு அஞ்சியே எத்தனையோ தம்பதியர் இருபது ஆண்டுகளாக இருவர் மட்டும் எங்கும் போனதில்லை.

திருவிவிலியம் இதில் கூச்சப்படவில்லை. இனிமைமிகு பாடல் நூலின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தலைவிதான் தலைவனை அழைக்கிறாள்: வயல்வெளிப் பக்கம் போகலாம், சிற்றூர்களில் இரவைக் கழிக்கலாம், விடியற்காலையில் எழுந்து திராட்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறாள். பெருநகரத்தை விட்டுச் சிற்றூருக்கு, கூட்டத்தை விட்டுத் தனிமைக்கு. பயணத் திட்டத்தையே அவள் சொல்லிவிடுகிறாள். இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரமோ இன்னும் தெளிவானது. புதிதாக மணமுடித்தவனைப் படைக்கு அனுப்பக்கூடாது, அவன்மேல் வேறு பொறுப்பு எதையும் சுமத்தக்கூடாது, ஓராண்டு வீட்டில் இருந்து மனைவியை மகிழ்வாக வைத்திருக்கட்டும் என்று அங்கே சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. மனைவியை மகிழ்விப்பது பொழுதுபோக்கு அல்ல, கடமை என்று கண்ட சமூகம் அது.

தொடக்கநூலின் 26ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு காட்சியையும் சேர்த்து எண்ணிப் பார்ப்போம். பஞ்சம் பிழைக்கக் கெராருக்குப் போன ஈசாக்கு, உயிருக்கு அஞ்சி, ரெபேக்காவைத் தன் சகோதரி என்று சொல்லி வைக்கிறார். நாள்கள் பல கடந்தபின், அரசன் அபிமெலக்கு சன்னல் வழியாகப் பார்க்கிறான். ஈசாக்கும் ரெபேக்காவும் கொஞ்சி மகிழ்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான், இவர்கள் கணவன் மனைவி என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. வேறு சாட்சி எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

அன்புக்குரியவர்களே, இன்று நம் வீட்டுச் சன்னல் வழியாக ஒருவர் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்? இவர்கள் கணவன் மனைவி என்று கண்டுகொள்வாரா? இல்லை, ஒரே வீட்டில் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கும் இருவர் என்று நினைப்பாரா?

பங்குத்தந்தையராகிய நாங்கள் வீடு மந்திரிக்கப் போகிறோம், நோயாளிகளைச் சந்திக்கப் போகிறோம். போகிற இடங்களில் கணவன் மனைவி பேச்சு காதில் விழுகிறது. "ஏங்க, கேஸ் தீரப் போகுது." "சரி." "பெரியவனுக்குப் பீஸ் கட்ட இந்த வாரம் கடைசி." "பார்க்கலாம்." "அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்." "சீட்டைக் குடு." இதில் தவறு ஒன்றும் இல்லை. குடும்பம் இப்படித்தான் நடக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் இதுமட்டுமே பேச்சு என்றால், இருவரும் ஒரு நிறுவனத்தை நடத்துகிறார்கள், ஒரு வாழ்வை வாழவில்லை. அடிதடி இல்லை, கெட்ட பழக்கம் இல்லை, வெளியே தெரிகிற சண்டைகூட இல்லை. கடைசிப் பிள்ளையும் கல்லூரி விடுதிக்குப் போன மறுநாள், சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இரண்டு அந்நியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களிடம் வருகிற பலர் அந்த நிலையில்தான் வருகிறார்கள். அப்போது அவர்கள் கேட்பது, "எங்கே தவறிப்போச்சு சாமி?" என்பதுதான். பெரும்பாலும், எங்கும் தவறிப்போகவில்லை. நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் இதைத்தான் நினைவூட்டுகிறார். அன்புக்கு அவசரமற்ற நேரம் வேண்டும், பேசவும் கேட்கவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கவும் இடம் வேண்டும், மற்றவை எல்லாம் அதற்குப் பின்தான் என்பது அவர் கருத்து. நம் ஆண்டவரும் பணிச்சுமையில் திணறிய தம் சீடர்களைத் தனிமையான ஓரிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறச் சொன்னார் என்று மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே அவர்கள் போனது எதில் தெரியுமா? படகில்.

ஆகவே நாமும் ஒரு தீவுக்கே போவோம். தொலைதூரத் தீவுகள் வேண்டாம். நம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன் தீவையே எடுத்துக்கொள்வோம். இராமேஸ்வரம் என்றதும் கோயில் கூட்டம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தீவில் பாம்பன் இருக்கிறது, தங்கச்சிமடம் இருக்கிறது. படகுகளும் பனைமரங்களும் நிறைந்த ஊர்கள். நம் மீனவ மக்கள் வாழும் ஊர்கள். ஆலய மணி கேட்டுக் கண்விழிக்கலாம்.

இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? சில சொற்களில் சொல்வோம்.

முதலாவது, நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற நாள்களில் தீவு முழுவதும் பக்தர் கூட்டம் நிறைந்திருக்கும். அறை கிடைப்பது அரிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். தை பிறந்து பங்குனி வரை இதமாக இருக்கும். சென்னையிலிருந்து என்றால் எழும்பூரில் மாலையில் ரயில் ஏறினால் காலையில் தீவு. மதுரையிலிருந்து சாலை வழியில் சுமார் 170 கிலோமீட்டர்தான். வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பிவிடலாம்.

இரண்டாவது, குறைவாகத் திட்டமிடுங்கள். இது நம்மவர்களுக்குக் கடினம்! "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே ஓரியூரும் பார்த்துட்டு, உவரியும் பார்த்துட்டு, வரும் வழியில் வேளாங்கண்ணியும்" என்று தொடங்குவோம். பிறகு, "மச்சினன் குடும்பம் சும்மாதானே இருக்கு, அவங்களையும் கூப்பிடலாம்" என்போம். இருவருக்கென்று தொடங்கிய பயணம் கடைசியில் பதினெட்டுப் பேர் வேனாகி, புளிச்சோற்று அண்டாவோடு புறப்படும். அந்தப் பயணங்களும் நல்லவையே, ஓரியூர்ப் புனித அருளானந்தரிடம் கட்டாயம் போக வேண்டும். ஆனால் அது வேறு நாள். இந்த இரண்டு நாளில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: உங்கள் எதிரே இருப்பவர் முகம்.

மூன்றாவது, மனைவிக்கு உண்மையிலேயே ஓய்வாக இருக்கட்டும். சமையலறையை மட்டும் இடம் மாற்றினால் அது பயணம் அல்ல. பாம்பனில் விடியற்காலையில் மீன் ஏலம் போவதைப் பார்க்கலாம். நண்டும் கணவாயும் வந்து குவியும். பார்த்து மகிழுங்கள்; ஆனால் "நல்ல மீனா இருக்கே" என்று வாங்கி, அடுப்புத் தேடி அவர்களிடம் கொடுக்காதீர்கள். அங்கே சமைத்துப் போடுகிற உணவகங்கள் இருக்கின்றன. மூட்டை கட்டுவது, பயணச்சீட்டு எடுப்பது, பெரியவர்களுக்கு மாத்திரை பிரித்து வைத்துவிட்டு வருவது, இவற்றையெல்லாம் கணவன்மார்கள் பார்க்கட்டும். உடலுக்கு ஓய்வு கிடைத்த பிறகுதான் மனம் திறக்கும்.

நான்காவது, கடன் வாங்காதீர்கள். மாதம் சிறு தொகையாக ஒதுக்கி வையுங்கள். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ எளிய, துப்புரவான ஓர் அறை போதும். அடுத்த வீட்டார் மாலத்தீவு போய் வந்தார்கள் என்பதற்காகப் போட்டிபோட்டால், திரும்பிவந்த மாதமே தவணை கட்டுவதைப் பற்றிச் சண்டை வரும்.

ஐந்தாவது, கைப்பேசி. முழுவதும் அணைத்து வைக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை வீட்டுக்குப் பேசுங்கள். மற்ற நேரம் அது பையில் உறங்கட்டும். ஒவ்வோர் அலையையும் படமெடுத்து உறவினர் குழுவில் போட்டுக்கொண்டிருந்தால், வேனில் ஏறாத அந்தப் பதினெட்டுப் பேரும் உங்களோடு கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னும் ஒன்று. முதல் இரவில் இருவரும் சேர்ந்து ஐந்து நிமிடம் செபியுங்கள். தோபியாவும் சாராவும் தங்கள் மணவறையில் எழுந்து நின்று சேர்ந்து மன்றாடினார்களே, அதுபோல. ஞாயிறு காலையில் அங்குள்ள ஆலயத்தில் மக்களோடு மக்களாகத் திருப்பலியில் பங்கேற்றுவிட்டுப் புறப்படுங்கள்.

சரி, தீவில் போய் என்ன செய்வது? கடலைப் பாருங்கள். அந்தத் தீவின் மக்கள் தங்கள் இரு கடல்களுக்கும் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். பெண்கடல் குளம்போலக் கிடக்கும். ஆண்கடல் சீறும் என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், "ஆமாம், நம்ம வீட்டிலும் அப்படித்தானே" என்று தோன்றும். ஆனால் கடலோடிகளைக் கேளுங்கள், முழுக் கதையையும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று திரும்பிவிட்டால் நிலைமை தலைகீழ். பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கும். கோபம் ஒருவருக்கே எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து அல்ல. காற்று மாறும், முறை மாறும். ஒரு பக்கம் சீறும்போது மறுபக்கம் அமைதி காப்பதால்தான் நடுவில் இருக்கிற மக்கள் ஏதாவது ஒரு கரையில் வலை போட்டுப் பிழைக்க முடிகிறது.

நம் வீடுகளில் அந்த நடுநிலம் யார்? பிள்ளைகள்தான். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கொந்தளித்தால் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? இரு கடலும் அருகருகே தெரிகிற அந்தக் கரையில் உட்கார்ந்து, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: "எனக்குக் காற்று எப்போது திரும்புகிறது என்று உனக்குத் தெரிகிறதா? அப்போது நீ அடங்கியிருக்க நான் என்ன செய்ய வேண்டும்?" இது வீட்டில் கேட்க முடியாத கேள்வி. குக்கர் விசில் அடிக்கும், அழைப்பு மணி அடிக்கும். இதைக் கேட்கத்தான் தீவு வேண்டியிருக்கிறது.

பகலில் ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போய் வாருங்கள். இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை இருக்கிறது. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். அங்கே நீரோட்டம் பொல்லாதது, கடலில் இறங்காதீர்கள்.

வழியில் இடிந்த கட்டடங்கள் நிற்கும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வந்த புயல், ரயில் நிலையமும் அஞ்சலகமும் இலங்கைக்குக் கப்பலும் இருந்த ஒரு நகரத்தைத் துடைத்துப்போட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் கரை சேரவில்லை. அது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் முன்பு. அங்கே நம் ஆலயம் ஒன்றின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பலர் அதன்முன் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ஒரு நிமிடம் தலைவணங்கி, இறந்தோருக்காகச் செபிப்போம். அந்தப் பீடத்தின்முன் எத்தனை மணமக்கள் கைப்பிடித்து நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.

அந்த ஒரே புயல் இரண்டு செய்திகளை விட்டுச்சென்றது. தனுஷ்கோடி மீண்டும் கட்டப்படவில்லை. ஆனால் 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமும் அதே புயலில் சிதைந்துபோயிற்று. அதைச் சீரமைக்கப் பல மாதங்கள் ஆகும் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் தில்லி மெட்ரோவுக்குத் தலைமை தாங்கிய அதே ஸ்ரீதரன்தான். கடலில் விழுந்து கிடந்த இரும்பு உத்தரங்களைத் தேடி எடுத்து, மறுபடியும் தூக்கிப் பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் நின்றது. அதன்பிறகு அது இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்களைச் சுமந்தது. 2022ஆம் ஆண்டு இறுதியில்தான் ஓய்வு பெற்றது. இப்போது அதன் அருகே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டு ரயில் ஓடுகிறது.

உப்புக்காற்று இரும்பை இரவும் பகலும் அரிக்கிற இடம் அது. அங்கே ஓர் இரும்புப் பாலம் நூறாண்டைக் கடந்து நின்றதற்குக் காரணம், இடையறாத பராமரிப்பு. திருமணத்தையும் பெரும்பாலும் புயல் வந்து உடைப்பதில்லை, அன்பர்களே. உப்புக்காற்றுதான் அரிக்கிறது. கவனிக்காமல் விட்ட ஒரு சொல், பாராட்டாமல் விட்ட ஒரு சமையல், கேட்காமல் விட்ட ஒரு நலம். அரிப்பை அவ்வப்போது சுரண்டி எடுத்து வண்ணம் பூசுகிற வேலைதான் இந்த இரண்டு நாள். ஒருவேளை உங்கள் வீட்டில் உத்தரங்கள் சில ஏற்கெனவே விழுந்துவிட்டனவா? புதிய உறவு, புதிய வாழ்வு என்று மனம் அலைய வேண்டாம். விழுந்தவை அங்கேயே, ஆழம் குறைந்த நீரில்தான் கிடக்கின்றன. இருவருமாக இறங்கித் தேடினால் எடுத்துவிடலாம்.

அதே தனுஷ்கோடி மணலில் இன்னொரு அதிசயம். இரண்டு பக்கமும் உப்புக்கடல். நடுவில் சில நூறு அடி மணல். அங்கே கீற்றுக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி தோண்டினால் குடிக்கத் தண்ணீர் ஊறுகிறது, நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பொறுமையாக, ஊற ஊற, சிரட்டையில் மொண்டு எடுக்க வேண்டும். ஆத்திரப்பட்டு ஆழமாகத் தோண்டினால், ஒரேயடியாக இறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் ஏறிவிடும்.

இருபது ஆண்டு பேசாததையெல்லாம் முதல் நாள் மாலையே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். "அன்னைக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று பழைய கணக்கை அடிவரை தோண்டினால் உப்புதான் வரும். முதலில் சும்மா நடங்கள். தேநீர் குடியுங்கள். பெண் பார்க்க வந்த நாளில் உடுத்தியிருந்த சேலையின் நிறத்தைப் பேசுங்கள். தண்ணீர் தானாக ஊறும். உங்கள் திருமண நாளில் இறைவன் பொழிந்த அருள் எங்கும் போய்விடவில்லை. அது மணலுக்கடியில் இருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தையை நாம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குடியும் அடியும் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பயணம் மருந்து அல்ல. அடிவாங்குகிற ஒரு சகோதரியை, "கணவனோடு தனியாகப் போய்ப் பேசிப் பார்" என்று யாரும் அனுப்ப வேண்டாம். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரிகளிடமோ வாருங்கள். அரசின் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். பொறுத்துப்போவது ஒன்று, அடிபட்டுக்கொண்டிருப்பது வேறு.

"சாமி, எங்களுக்கு ரயிலேறவும் வசதி இல்லையே" என்கிற குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தீவு என்பது என்ன? நாலு பக்கமும் வேலி உள்ள ஓர் இடம். உங்கள் ஊர் ஏரிக்கரையோ, மாலை ஆறு மணிக்குப் பிறகான ஆலய முற்றமோ, மொட்டைமாடியோகூடத் தீவாகலாம், வாரம் ஒரு மணி நேரம் அதைச் சுற்றி நீங்கள் வேலியிட்டால். அரபு நாடுகளில் உழைத்துவிட்டு ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருகிற நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வந்த நாள் முதல் உறவினர் வீட்டு விருந்து, வீட்டுக் கட்டட வேலை, பத்திரப் பதிவு. புறப்படும் நாளில்தான் அவனும் மனைவியும் விமான நிலையத்தில் தனியே நிற்கிறார்கள். பெற்றோர்களே, மாமியார்களே, அந்த ஒரு மாதத்தில் இரண்டே இரண்டு நாளை அவர்களுக்குக் கொடுங்கள். "போய்ட்டு வாங்க, பிள்ளைகளை நாங்க பார்த்துக்கிறோம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

நம் அன்பியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியத்திலும் பத்து இருபது குடும்பங்கள் இருக்கிறோம். பிள்ளைகளை விட்டுச்செல்ல ஆளில்லாத இளம் தம்பதியர் நம் நடுவே இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்வதால் பத்தாண்டாக வாசல் தாண்டாத தம்பதியர் இருக்கிறார்கள். முறைவைத்து, ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இரண்டு இரவு பார்த்துக்கொண்டால் என்ன? இதற்குப் பணம் வேண்டாம், தீர்மானம் போதும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கேலி செய்யாமல் வழியனுப்பி வையுங்கள்.

அங்கே போகிறவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் தீவு யாரோ சிலருக்கு வீடு. நீங்கள் மாலையில் கைகோத்து நடக்கிற கரையில், கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லையே என்று ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். எல்லையில் பிடிபட்டு அயல்நாட்டுச் சிறையில் இருப்பவர்களின் மனைவியர் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். கணவன் கரையேறி வீட்டுப் படி மிதிப்பதே அவர்களுக்குத் திருவிழா. அவர்களைப் பார்த்தால், பக்கத்தில் நடந்து வருகிறவரின் கை எவ்வளவு பெரிய கொடை என்பது நமக்கு விளங்கும்.

மன்றாடுவோம். கானா ஊரின் திருமண வீட்டுக்கு அழைப்பை ஏற்று வந்த ஆண்டவரே, இரசம் தீர்ந்துபோனதை இன்னும் வெளியே சொல்லாமல் இருக்கிற வீடுகளை நீர் அறிவீர். அவர்களுக்கு நேரத்தைத் தாரும், துணிவைத் தாரும், ஒருவரையொருவர் மீண்டும் பார்க்கும் கண்களைத் தாரும். துணையை இழந்து தனித்திருப்போருக்கு நீரே உடனிருப்பாக இரும். வெளியூர் போக முடிந்தவர்கள் நலமாகப் போய்த் திரும்பவும், முடியாதவர்கள் தங்கள் திண்ணையிலேயே அந்தத் தீவைக் காணவும் அருள்புரியும். தந்தை, மகன், தூய ஆவியாரின் ஆசி உங்கள் இல்லங்கள் எல்லாவற்றின்மேலும் இறங்குவதாக. ஆமென்.